தீநிரலும் தூண்டிலும்: கணினிப் பாதுகாப்பு குறித்த தமிழ்ச் சொற்களின் வரலாறு – திருவான்மியூர், தரமணிப் பகுதியை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

கணினிக்கும் இணையத்திற்கும் நேரும் அச்சுறுத்தல்களைக் குறிக்கத் தமிழில் வழங்கும் சொற்கள் எவ்வாறு தோன்றின, அவை மக்களின் புரிதலை எவ்வாறு அமைக்கின்றன என்பதை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. 1999ஆம் ஆண்டுச் சென்னைத் தமிழிணைய மாநாடு, 2000ஆம் ஆண்டில் திருவான்மியூரை ஒட்டித் திறக்கப்பட்ட டைடல் பூங்கா, அதே ஆண்டில் நடைமுறைக்கு வந்த தகவல் தொழில்நுட்பச் சட்டம் ஆகிய மூன்றும் இவ்வாய்வின் களத்தை வரையறுக்கின்றன. இணையத்தின் பொதுச் சொற்கள் தமிழில் விரைவாக நிலைபெற்றன. அச்சுறுத்தல்களின் பெயர்களோ இன்றளவும் நிலைபெறவில்லை. இந்நிலை மொழியளவில் நின்றுவிடாமல், மோசடிக்கு ஆளானோர் முறையிடும் திறனையும் பாதிக்கிறது என்பது இக்கட்டுரையின் துணிபு.

திறவுச்சொற்கள்: கலைச்சொல்லாக்கம், இணையப் பாதுகாப்பு, நச்சுநிரல், தூண்டிலிடல், முடக்கம், தகவல் தொழில்நுட்பச் சட்டம், திருவான்மியூர்.

முன்னுரை

கலைச்சொல்லாக்கம் பற்றிய தமிழ் ஆய்வுகள் பெரும்பாலும் சொல்லின் தூய்மை, சுருக்கம், வேர் ஆகியவற்றை அளவுகோலாகக் கொண்டுள்ளன. மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளில் கலைச்சொல்லை முதலில் கையாள்பவர் துறை வல்லுநர். பொதுமக்கள் அதனைப் பின்னரே அறிகின்றனர். இணையப் பாதுகாப்பில் இவ்வொழுங்கு தலைகீழாக அமைகிறது. வங்கியிலிருந்து வந்ததுபோல் தோன்றும் ஒரு குறுஞ்செய்தியைத் திறப்பதா வேண்டாவா என்பதை அந்நொடியிலேயே முடிவு செய்பவர் துறை வல்லுநர் அல்லர். ஓய்வூதியரோ மாணவரோ மீன் வணிகம் செய்பவரோ ஆவார். அவருக்குக் கிடைக்கும் எச்சரிக்கை எந்தச் சொல்லில் அமைகிறது என்பதும், ஏமாந்தபின் அவர் எந்தச் சொல்லால் தம் இழப்பை எடுத்துரைக்கிறார் என்பதும் பொருளிழப்போடு நேரடித் தொடர்புடையவை. ஆகவே இச்சொற்களுக்குப் பொருள் தெளிவு என்னும் அளவுகோல் முதன்மையாகிறது.

1. களத்தின் பின்புலம்

சம்பந்தரும் அப்பரும் பாடிய மருந்தீசர் கோயிலும், கடலை நம்பி வாழும் குப்பமும், 1962இல் அடையாற்றிலிருந்து இடம்பெயர்ந்த கலாசேத்திராவும் திருவான்மியூரின் பழைய அடையாளங்கள். 2000 சூலை 4 அன்று இவ்வூரின் மேற்கு எல்லையை ஒட்டித் தரமணியில் டைடல் பூங்கா திறந்து வைக்கப்பட்டது. தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் எல்காட் நிறுவனமும் இணைந்து எழுப்பிய இக்கட்டடம் ஏறத்தாழ 12.8 இலட்சம் சதுர அடிப் பரப்புடையது. அதனைத் தொடக்கமாகக் கொண்டே இன்றைய இராஜீவ் காந்தி சாலை நெடுகிலும் மென்பொருள் நிறுவனங்கள் பெருகின.

இதே வட்டாரத்தில்தான் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனமும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் தரமணியில் அமைந்துள்ளன. 1943இல் நிறுவப்பட்ட டாக்டர் உ.வே. சாமிநாதையர் நூல்நிலையம் அண்மையிலுள்ள பெசன்ட் நகரில் இயங்குகிறது. மென்பொருள் எழுதுவோரும் சுவடி காப்போரும் ஒரே வட்டாரத்தில் பணியாற்றுகின்றனர். எனினும் முன்னவரின் பணிமொழி ஆங்கிலம். பின்னவரின் பணிமொழி தமிழ். பாதுகாப்பு குறித்த அறிவு இச்சாலையில் நாள்தோறும் உருவாகியும் அருகிலுள்ள தெருக்களின் மொழிக்குள் எளிதில் வரவில்லை. இவ்விடைவெளியே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள்.

2. இணையத்தின் பொதுச் சொற்கள்

1986இல் தொடங்கிய எர்நெட் என்னும் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் பங்கேற்றது. பொதுமக்களுக்கான இணையச் சேவையை விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் 1995 ஆகஸ்டு 15 அன்று தொடங்கியது. அதே ஆண்டு அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகளின் இணையத் தொகுப்பு வழியே தமிழ் எழுத்து வையவிரிவு வலையில் இடம்பெற்றது. அதற்கு உழைத்தவர் சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி. ‘இணையம்’ என்னும் சொல்லை வழக்கிற்குக் கொணர்ந்தவராகவும் அவர் போற்றப்படுகிறார்.

1997இல் சிங்கப்பூரிலும், 1999 பிப்ரவரி 7, 8 ஆகிய நாள்களில் சென்னையிலும் தமிழிணைய மாநாடுகள் நடைபெற்றன. சென்னை மாநாட்டின் விளைவாகத் தமிழ்99 விசைப்பலகையும் டாம், டாப் என்னும் எழுத்துக் குறிமுறைகளும் தரப்படுத்தப்பட்டன. 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் உருவாயிற்று. மணவை முஸ்தபா கணினித் துறைக்கெனத் தனி அகராதி தொகுத்தார். சுஜாதாவின் கட்டுரைகளும், ‘தமிழ் கம்ப்யூட்டர்’ இதழும், தினமலர் நாளிதழின் ‘கம்ப்யூட்டர் மலர்’ இணைப்பும் கணினியைப் பொது வாசகரிடம் கொண்டு சென்றன.

இக்காலத்தில் நிலைபெற்ற சொற்களின் ஆக்க முறை கருதத்தக்கது. ‘கணி’ என்னும் அடியிலிருந்து கணிப்பொறி, கணினி ஆகியன தோன்றின; இலங்கையில் ‘கணனி’ என்னும் வடிவமும் வழங்கிற்று. ‘நிரல்’ என்பது வரிசையைக் குறிக்கும் பழஞ்சொல். தொல்காப்பியம் கூறும் நிரல்நிறைப் பொருள்கோளில் இடம்பெறும் அச்சொல், கட்டளைகளின் வரிசை என்னும் பொருளில் கணினிக்கு இயல்பாகப் பொருந்தியது. உலாவி, மின்னஞ்சல், பயனர், வழங்கி, பதிவிறக்கம் ஆகியனவும் செயலை நேரே சுட்டும் சொற்களாதலின் எளிதில் நிலைத்தன. கடந்து செல்லுதலைக் குறிக்கும் ‘கடவு’ என்பதனை அடியாகக் கொண்ட ‘கடவுச்சொல்’, ஏற்கெனவே வழக்கிலிருந்த ‘கடவுச்சீட்டு’ என்பதன் துணையால் விளக்கமின்றியே புரிந்தது.

‘வலை’ என்னும் சொல்லின் நிலை வேறு. சிலந்தி வலை, மீன் வலை இரண்டையும் குறிக்கும் அச்சொல்லில் ‘வலையில் விழுதல்’ என்னும் மரபுத்தொடரின் எச்சரிக்கைப் பொருளும் கலந்துள்ளது. இணைப்பை மட்டும் உணர்த்தும் ‘இணையம்’ பொதுப்பெயராக வெற்றி பெற்றபின், ‘வலை’ என்பது வலைத்தளம், வலைப்பூ போன்ற கூட்டுச்சொற்களில் ஒதுங்கியது. ஊடகத்தின் பெயரிலேயே அமைந்திருந்த எச்சரிக்கைப் பொருள் இவ்வாறு பின்தள்ளப்பட்டது.

3. அச்சுறுத்தல்களின் பெயர்கள்

3.1 நச்சுநிரலும் புழுவும்

பிற நிரல்களோடு தன்னை ஒட்டிக்கொண்டு பெருகும் நிரலுக்கு ‘வைரஸ்’ என்னும் பெயரை ஆய்வுலகில் நிலைநிறுத்தியது அமெரிக்கக் கணினியியலாளர் பிரெட் கோகனின் 1984ஆம் ஆண்டு ஆய்வுரை. 1986இல் இலாகூரில் உருவான ‘பிரெய்ன்’, தனியாள் கணினிகளைத் தாக்கிய தொடக்ககால வைரஸ்களுள் பெயர்பெற்றது. அது நெகிழ்வட்டுகள் வழியே பரவிற்று. ‘புழு’ என்னும் பெயருக்கு மூலம் 1975இல் வெளிவந்த ஜான் பிரன்னரின் அறிவியல் புனைகதை. 1988 நவம்பர் 2 அன்று பரவிய மோரிஸ் புழு, பிற நிரலின் துணையின்றியே வலையமைப்பு முழுவதும் தன்னைப் பெருக்கிக்கொள்ளும் நிரலின் ஆற்றலை உலகிற்கு உணர்த்தியது.

தமிழில் ‘நச்சுநிரல்’, ‘புழு’ என்னும் சொற்கள் இவ்வுயிரியல் உருவகத்தைத் தொடர்ந்தன. இவ்வுருவகத்தில் ஒரு குறை உண்டு. நோய் தானே பரவுவது. அதற்குப் பின்னால் ஒரு குற்றவாளி இருப்பதில்லை. கணினித் தாக்குதலிலோ நிரலை எழுதியவரும் ஏவியவரும் பயன் பெறுபவரும் உள்ளனர். ‘வைரஸ் வந்துவிட்டது’ என்னும் பேச்சுவழக்கு, குற்றத்தை இயற்கை நிகழ்வாக மாற்றிவிடுகிறது. ‘தீநிரல்’ என்னும் சொல் இக்குறையை ஓரளவு நீக்குகிறது. தீவினை, தீயோர் முதலிய சொற்களில் பயிலும் ‘தீ’ என்னும் அடை செய்பவரின் நோக்கத்தையும் சுட்டுவதால், வைரஸ், புழு, உளவு நிரல் அனைத்தையும் அடக்கும் பொதுப்பெயராக அது ஏற்புடையது.

3.2 டுரோஜன் குதிரையும் எந்திர யானையும்

பயனுள்ள நிரல்போல் தோன்றி, பயனரே தம் கையால் நிறுவிக்கொண்டபின் உள்ளிருந்து தாக்கும் தீநிரல் ‘டுரோஜன் குதிரை’ எனப்படுகிறது. கிரேக்கக் கதையை அறியாத தமிழ் வாசகருக்கு இப்பெயர் எதையும் விளக்குவதில்லை. தமிழ் இலக்கிய மரபிலேயே இதற்கு இணையான நிகழ்ச்சி உண்டு. உதயணன் கதையில், உஞ்சை மன்னன் பிரச்சோதனன் எந்திர யானை ஒன்றைச் செய்வித்து, அதனுள் வீரரை மறைத்து அனுப்புகிறான். தான் இழந்த யானையைத் தேடித் திரியும் உதயணன், அதுவே தன் யானை எனக் கருதி நெருங்கிச் சிறைப்படுகிறான். கொங்குவேளிரின் பெருங்கதையை உ.வே. சாமிநாதையர் 1924இல் பதிப்பித்தார். அந்நூலின் தொடக்கப் பகுதி கிடைக்கவில்லையெனினும், இந்நிகழ்ச்சி உதயணகுமார காவியத்திலும் இடம்பெற்றுள்ளது.

கிரேக்கக் கதையைவிட இக்கதை இன்றைய நடைமுறைக்கு நெருக்கமானது. பிரச்சோதனன் முதலில் உதயணனின் இழப்பையும் விருப்பத்தையும் அறிகிறான். அதற்கேற்ற வடிவத்தைப் பின்னர்த் தேர்கிறான். இன்றைய மோசடியாளரும் வேலை தேடுவோருக்கு வேலைவாய்ப்புச் செயலியையும், கடன் தேடுவோருக்குக் கடன் செயலியையும் அனுப்புகின்றனர். ‘எந்திர யானை’ கலைச்சொல்லாக ஏற்கப்படினும் இல்லாவிடினும், கற்பித்தலுக்குரிய எடுத்துக்காட்டாக அதன் பயன் தெளிவானது.

3.3 தூண்டிலிடல்

நம்பத்தக்க நிறுவனம்போல் நடித்துக் கடவுச்சொல், அட்டை எண் முதலியவற்றைப் பறிக்கும் முறைக்கு 1990களின் நடுவில் ‘ஃபிஷிங்’ என்னும் பெயர் ஏற்பட்டது. மீன்பிடித்தலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் ஒலியோடு விளையாடும் பெயர் அது. தமிழில் ‘தூண்டிலிடல்’ போன்ற சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. நெய்தல் நிலமாகிய திருவான்மியூரில் தூண்டிலுக்கு விளக்கம் வேண்டியதில்லை. ஆயினும் தூண்டில் இரையை மட்டுமே முன்னிறுத்துகிறது. பரிசு, சலுகை போன்ற ஆசைகாட்டலை நினைவூட்டுகிறது. வங்கியின் பெயரால் அச்சமூட்டி வரும் செய்தியில் ஆசை இல்லை. அதில் இருப்பது பிறர் பெயரில் நடித்தல். அதற்கு ‘ஆள்மாறாட்டம்’ என்னும் சொல் தேர்தல், தேர்வு ஆகிய களங்களில் ஏற்கெனவே மக்கள் வழக்கில் உள்ளது.

3.4 பிணை நிரலும் ‘டிஜிட்டல் கைதும்’

கோப்புகளை மறைகுறியாக்கிப் பூட்டி, திறப்பதற்குப் பணம் கேட்கும் தீநிரல் 2017 மே 12 அன்று பரவிய ‘வான்னாகிரை’ தாக்குதலால் உலகெங்கும் அறியப்பட்டது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடு அரசின் பொதுத்துறையின் கணினிகளும் இவ்வகைத் தாக்குதலுக்கு உள்ளாயின. ‘பிணை நிரல்’, ‘பணயத் தீநிரல்’ ஆகிய பெயர்கள் இதன் இயல்பைச் சரியாக உணர்த்துகின்றன.

இதற்கு மாறானது ‘டிஜிட்டல் கைது’. காவல்துறை அல்லது நடுவண் புலனாய்வு அமைப்பின் பெயரால் காணொலி அழைப்பில் மிரட்டி, பலமணி நேரம் ஒருவரை அழைப்பிலேயே இருத்திப் பணம் பறிக்கும் மோசடி இது. 2024 அக்டோபர் 27 அன்று தலைமை அமைச்சர் தம் வானொலி உரையில் இது குறித்து எச்சரித்தார். இந்தியச் சட்டத்தில் இப்படியொரு கைது முறையே இல்லை. மோசடியாளர் உரிமை கோரும் அதிகாரத்தையே பெயராகக் கொண்ட இச்சொல்லை நாளிதழ்கள் அப்படியே எடுத்தாளும்போது, இல்லாத நடைமுறை ஒன்று இருப்பதுபோன்ற தோற்றம் உண்டாகிறது. ‘போலிக் கைது மிரட்டல்’ என வழங்கின் எச்சரிக்கை பெயரிலேயே அமையும்.

4. சட்டமும் சொல்லும்

2000 மே 4 அன்று மணிலாவிலிருந்து பரவிய ‘ஐ லவ் யூ’ புழு காதல் கடிதமாக நடித்துப் பெருஞ்சேதம் விளைவித்தது. அப்போது பிலிப்பைன்சில் அதனைத் தண்டிக்கும் சட்டம் இல்லாமையால் வழக்கு கைவிடப்பட்டது. இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 சூன் 9 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்று, அக்டோபர் 17 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 43ஆம் பிரிவு ‘கணினி வைரஸ்’ என்பதை வரையறுக்கிறது. அவ்வரையறை, கணினியின் செயல்திறனைக் கெடுக்கும் எந்தக் கட்டளையையும் அடக்கும் அளவு விரிவானது. வைரஸ், புழு, டுரோஜன் என்னும் துறைசார் வேறுபாடுகளை அது பொருட்படுத்துவதில்லை.

மாறாக, ‘ஃபிஷிங்’ என்னும் சொல் அச்சட்டத்தில் இல்லை. 2005இல் தில்லி உயர்நீதிமன்றம் ஒரு வழக்கில் அதனை விளக்கிற்று. 2009 அக்டோபர் 27 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின் 66-சி பிரிவு அடையாளத் திருட்டையும், 66-டி பிரிவு கணினிவழி ஆள்மாறாட்டத்தால் ஏமாற்றுதலையும் குற்றமாக்கின. ஆகவே சட்டத்தின் சொல் தூண்டில் அன்று, ஆள்மாறாட்டம்.

இச்சட்டத்தின் தொடக்ககால வழக்குகளில் தமிழ்நாட்டிற்குச் சிறப்பிடம் உண்டு. இணையக் குழு ஒன்றில் பெண்ணொருவரை இழிவுபடுத்திய வழக்கில் எழும்பூர் நீதிமன்றம் 2004 நவம்பர் 5 அன்று அளித்த தீர்ப்பு, 67ஆம் பிரிவின்கீழ் நாட்டில் வழங்கப்பட்ட முதல் தண்டனையாகக் குறிப்பிடப்படுகிறது. 2010 ஏப்ரலில், வங்கியின் பெயரில் வந்த போலி மின்னஞ்சலுக்கு மறுமொழி அனுப்பிப் பணம் இழந்த வாடிக்கையாளருக்கு ரூ. 12.85 இலட்சம் வழங்குமாறு, சட்டத்தின் தீர்ப்பளிக்கும் அலுவலராகிய தமிழ்நாடு தகவல் தொழில்நுட்பச் செயலர் தனியார் வங்கி ஒன்றுக்கு ஆணையிட்டார். ஏமாந்தவரின் கவனக்குறைவோடு நிறுவனத்தின் பாதுகாப்புக் குறையும் ஆராயப்பட வேண்டும் என்பதை இவ்வாணை உணர்த்தியது.

2017 சூலை 6ஆம் நாளிட்ட இந்திய ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கை இப்பொறுப்பை மேலும் வரையறுத்தது. வங்கி, வாடிக்கையாளர் இருவரின் பிழையுமின்றி நேர்ந்த இழப்பை மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை. அவரே கடவுச்சொல் போன்ற விவரங்களைப் பகிர்ந்திருப்பின், தெரிவிக்கும் வரையிலான இழப்பு அவரையே சாரும். எனவே, ‘தகவல் திருடப்பட்டதா, ஏமாற்றிப் பெறப்பட்டதா, தாமே கொடுத்ததா’ என்பதைப் பிரித்துச் சொல்லும் மொழித்திறன் பணத்தின் பெறுமதி உடையதாகிறது.

5. ஒரு சொல், பல பொருள்

இவ்வாறு பிரித்துச் சொல்லுதற்குத் தடையாக இருப்பவை பொருள் மயக்கமுடைய சொற்கள். மூன்று எடுத்துக்காட்டுகள் இங்கு ஆராயப்படுகின்றன.

முதலாவது ‘முடக்கம்’. ஒருவரின் சமூக ஊடகக் கணக்கில் அயலார் ஊடுருவினாலும் நாளிதழ்கள் ‘கணக்கு முடக்கம்’ என எழுதுகின்றன. நிறுவனமே விதிமீறலுக்காகக் கணக்கை நிறுத்தினாலும் அவ்வாறே எழுதுகின்றன. மோசடிப் பணம் கைமாறாமல் வங்கி தடுத்து நிறுத்துவதும் ‘முடக்குதல்’ எனப்படுகிறது. தாக்குதல், தண்டனை, தீர்வு மூன்றுக்கும் ஒரே சொல். நிதி மோசடிகளைத் தெரிவிப்பதற்கான தேசிய உதவி எண் 1930இன் பயனே, பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குச் செல்லுமுன் அதனை நிறுத்திவைப்பதில் உள்ளது. அவ்வழைப்பில் ‘என் கணக்கை முடக்கிவிட்டார்கள்’ என ஒருவர் கூறினால், கேட்பவர் எதைப் புரிந்துகொள்வார் என்பது ஐயத்திற்குரியது. அயலார் நுழைவை ‘ஊடுருவல்’ அல்லது ‘கைப்பற்றல்’ என்றும், நிறுத்திவைத்தலை மட்டும் ‘முடக்கம்’ என்றும் வரையறுத்தல் தேவை.

இரண்டாவது ‘சுட்டி’. கணினியின் மௌஸ் கருவிக்கும், பிற பக்கத்திற்கு இட்டுச்செல்லும் இணைப்புக்கும் இச்சொல் வழங்குகிறது. ‘அறியாத சுட்டியை அழுத்தாதீர்’ என்னும் அறிவுரை இதனால் தெளிவிழக்கிறது. இணைப்பு, கருவி என வேறுபடுத்துவதில் இடர்ப்பாடு ஏதுமில்லை.

மூன்றாவது ‘குறியாக்கம்’. எழுத்துகளுக்கு எண் வழங்கும் முறைக்கும், செய்தியைப் பிறர் படிக்க இயலாதவாறு மாற்றும் முறைக்கும் இச்சொல்லே பயன்படுகிறது. யூனிகோடில் அமைந்த கோப்பை எவரும் படிக்கலாம். பின்னதைத் திறவுகோல் உடையவர் மட்டுமே படிக்க முடியும். முன்னதைக் ‘குறிமுறை’ என்றும் பின்னதை ‘மறைகுறியாக்கம்’ என்றும் வழங்குவோர் உளர், அவ்வழக்கே பொதுமையாக்கத்தக்கது.

உருவகத்தைத் தவறாகப் பெயர்த்தலும் மயக்கம் தரும். ‘ஃபயர்வால்’ என்பது கட்டடத்தில் தீ பரவாமல் தடுக்கும் சுவர். ‘தீச்சுவர்’ என்பது தீயால் ஆகிய சுவர் எனப் பொருள்படுகிறது. திருக்குறள் தனி அதிகாரமே வகுத்த ‘அரண்’ என்னும் சொல்லோடு அமைந்த ‘தீயரண்’ அதனினும் பொருத்தமானது.

6. தமிழ் எழுத்தும் போலி முகவரியும்

தமிழ்நாடு அரசு 2010 சூனில் யூனிகோடையும் தமிழ் அனைத்தெழுத்துக் குறிமுறையையும் தரமாக ஏற்றது. அதனையடுத்த காலத்தில் இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் ஆகிய நாட்டுப் பெயர்கள் தமிழ் எழுத்திலேயே இணைய முகவரியின் இறுதிக்கூறாக இடம்பெறும் வாய்ப்பும் உருவாயிற்று. இதனோடு எழுத்துசார் அச்சுறுத்தல் ஒன்றும் பிறந்தது. வடிவத்தால் ஒத்த வேறு எழுத்துகளைக் கொண்டு போலி முகவரி அமைத்தல் அது. ‘ஔ’ என்பது ஒரே எழுத்து. ‘ஒள’ என்பது இரண்டு எழுத்துகள். கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றாகத் தோன்றும் இவை கணினிக்கு முற்றிலும் வேறானவை. தமிழ் எண் ‘௧’ ககரத்தையும், ‘௭’ எகரத்தையும், ‘௮’ அகரத்தையும் ஒத்துள்ளன. சுவடிப் பதிப்பாசிரியர் நன்கறிந்த எழுத்து மயக்கம், இங்குப் பாதுகாப்புச் சிக்கலாக மறுபிறவி எடுக்கிறது. பதிப்பியல் அறிவு இணையப் பாதுகாப்பிற்கு நேரடியாகப் பயன்படக்கூடிய இடம் இது.

முடிவுரை

இவ்வாய்வின்வழிப் பெறப்படும் முடிவுகள் பின்வருமாறு:

1. இணையத்தின் பொதுச் சொற்கள் 1995 முதல் 2001 வரையிலான குறுகிய காலத்தில் பெரும்பாலும் வடிவம் பெற்றன. அவற்றுக்கு மாநாடுகளும் அகராதிகளும் இதழ்களும் துணைநின்றன. பின்னர்ப் பெருகிய மோசடிகளின் பெயர்களுக்கு அத்தகைய கூட்டுமுயற்சி அமையவில்லை.

2. உயிரியல் உருவகத்தைத் தொடரும் சொற்கள் குற்றவாளியை மறைக்கின்றன. ‘தீநிரல்’, ‘பிணை நிரல்’, ‘ஆள்மாறாட்டம்’ போன்றவை செயலையும் நோக்கத்தையும் வெளிப்படுத்துகின்றன.

3. ‘முடக்கம்’, ‘சுட்டி’, ‘குறியாக்கம்’ ஆகியவற்றின் பொருள் மயக்கம் எச்சரிக்கையையும் முறையீட்டையும் பாதிக்கவல்லது. இவற்றைப் பிரித்து வரையறுப்பது உடனடித் தேவை.

4. பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில் கணினி நன்னெறியும் இணையப் பாதுகாப்பும் பாடமாகியுள்ளன. அப்பிரிவைத் தேர்ந்தெடுக்காத மாணவருக்கும், பள்ளிக்கு வெளியே உள்ளோருக்கும் தமிழ்ப் பாடத்தின் வழியே இவ்வறிவு சென்றடையலாம். உதயணன் கதை அதற்கு ஒரு வாயில்.

‘ஓடிபி’ என்னும் சுருக்கம் ‘ஒருமுறைக் கடவுச்சொல்’ என்பதைவிட மக்கள் நாவில் பழகிவிட்டது. அதனை மாற்ற முயல்வதால் பயனில்லை. பழகிய கடன்சொல்லை ஏற்பதும், பொருள் மயக்கம் உள்ள தமிழ்ச்சொல்லைத் திருத்துவதும் ஒரே நோக்கின் இரு கூறுகள். தரமணியின் மென்பொருள் வல்லுநரும் அங்குள்ள தமிழாய்வு நிறுவனங்களும் வங்கி, காவல் துறைகளோடு இணைந்து இச்சொற்களை வரையறுப்பின், எச்சரிக்கையும் புகாரும் ஒரே மொழியில் அமையும்.